செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கிட்டார்: ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. வேலூர், காட்பாடி பக்கம் ஏப்ரல், மே வந்தாலே இது நடக்கும். படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகள் கிட்டாரையும் ஆம்ப்பையும் விற்றுவிட்டுப் போவார்கள். அதில் நல்ல சரக்கும் இருக்கும், பெயர் மாற்றி ஒட்டியதும் இருக்கும். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: காட்பாடியில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன் அண்ணா. சீனியர் ஒருவர் தன்னுடைய ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை விற்கிறார். அமெரிக்கன் ஸ்டாண்டர்ட், 2012 மாடல் என்கிறார். 55,000 ரூபாய் கேட்கிறார். பில் இல்லை, அவரும் இன்னொருவரிடம் வாங்கியதுதானாம். சீரியல் நம்பரை ஃபெண்டர் வெப்சைட்டில் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. நம்பி வாங்கலாமா?
– மாணவர், காட்பாடி

பதில்: தம்பி, நம்பர் சரியாக வருகிறது என்பதை மட்டும் வைத்துப் பணத்தை எடுக்காதீர்கள். ஏதோ ஒரு ஒரிஜினல் கிட்டாரின் போட்டோவில் தெரியும் நம்பரை எடுத்து எத்தனை டூப்ளிகேட்டில் வேண்டுமானாலும் போடலாம், அத்தனையும் வெப்சைட்டில் சரியாகத்தான் வரும். நம்பர் தப்பாக வந்தால் சந்தேகப்படலாம். சரியாக வந்தால் இன்னும் எதுவும் நிரூபணமாகவில்லை என்றுதான் அர்த்தம். செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவோமா, குனிந்து சேசிஸ் நம்பரையும் பார்ப்போம் இல்லையா, அதே மாதிரிதான் இதுவும்.

இருந்தாலும் நம்பரைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் கொரோனா ஃபேக்டரியில் செய்த வழக்கமான மாடல்களில் 2010-லிருந்து நம்பர் யு.எஸ். என்று ஆரம்பிக்கும், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். யு.எஸ்.12 என்றால் 2012. மெக்சிகோவின் என்செனாடா ஃபேக்டரியில் செய்தது என்றால் எம்.எக்ஸ்.12 என்று வரும். 2010-க்கு முந்தையதில் அமெரிக்கனுக்கு இசட், மெக்சிகனுக்கு எம்.இசட்., அதற்கும் முன்னால் தொண்ணூறுகளில் என், எம்.என். ஐ.சி.எஸ். என்று ஆரம்பித்தால் அது இந்தோனேசியாவில் கோர்ட் கம்பெனி செய்து கொடுத்த ஸ்குவையர். ஸ்குவையர் ஃபெண்டரின் சொந்த பிராண்டுதான், ஆனால் விலையில் பாதிகூட வராது. சீனியர் சொல்லும் கதையும், நம்பர் சொல்லும் நாடும் வருடமும், கையில் இருக்கும் கிட்டாரும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

இப்போது கிட்டாரைக் கையில் எடுங்கள். முதலில் நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளை, அதாவது பிரெட்டை எண்ணுங்கள். அமெரிக்கன் ஸ்டாண்டர்டில் 22 பிரெட். அந்தக் காலத்து மெக்சிகன் ஸ்டாண்டர்டிலும் பெரும்பாலான ஸ்குவையரிலும் 21. அடுத்து, பாடியின் மேல் கம்பிகள் முடிகிற பிரிட்ஜின் முன்பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்கன் ஸ்டாண்டர்டில் பிரிட்ஜ் இரண்டே இரண்டு தூண்களில் நிற்கும், மெக்சிகனில் வரிசையாக ஆறு ஸ்க்ரூ இருக்கும். பிறகு கிட்டாரைத் திருப்பி, நெக்கும் பாடியும் சேரும் இடத்தில் இருக்கும் இரும்புத் தகட்டைப் பாருங்கள். நான்கு பெரிய ஸ்க்ரூவைத் தவிர அதில் ஒரு சின்னத் துளை இருக்க வேண்டும், உள்ளே ஆலன் கீ போடுகிற ஸ்க்ரூ தெரியும். நெக்கின் சாய்வைத் திருத்துவதற்காக வைத்தது அது. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அது அவர் சொல்கிற 2012 அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் கிடையாது. மெக்சிகன் ஃபெண்டராக இருக்கலாம், அதுவும் ஒரிஜினல்தான், நல்ல கிட்டார்தான், ஆனால் இந்த விலைக்கு இல்லை.

பையில் ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சுருக்கம்) பாடியின் கனம் 44, 45 மில்லிமீட்டர் இருக்கும். ஸ்குவையர் அஃபினிட்டி மாடல்கள் பல வருடங்களாக அதைவிட மெலிசாக, 40 மில்லிமீட்டர் பக்கம்தான் வந்தன. அஃபினிட்டி பாடியில் ஃபெண்டர் பெயர் போட்ட நெக்கை மாட்டி விற்பது ரொம்ப சகஜமாக நடக்கிற வேலை, ஸ்கேலை வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பாடிக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்கும், அதற்குப் பக்கத்தில் பிரிட்ஜின் அடியில் தொங்கும் உலோகக் கட்டையும் தெரியும். ஒரிஜினலில் அது தடியாக, கனமாக இருக்கும். மலிவான கிட்டாரில் ஒல்லியான துண்டாக இருக்கும்.

இதுவரை எல்லாம் சரியாக இருந்தால்தான் உள்ளே போக வேண்டும். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, ஒரு செட் புதுக் கம்பி. கம்பியைத் தளர்த்தி, முன்பக்க பிளாஸ்டிக் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி மெல்லத் தூக்குங்கள், ஒயரை இழுத்துவிடாதீர்கள். முதலில் வால்யூம், டோன் கன்ட்ரோல்களைப் பாருங்கள். நல்ல அமெரிக்கன் கிட்டாரில் அவை ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் அகலமான உலோக வட்டமாக இருக்கும். டூப்ளிகேட்டில் பெரும்பாலும் சின்னஞ்சிறிய கன்ட்ரோல்தான் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்தின் முதுகிலோ விளிம்பிலோ எண்கள் அச்சிட்டிருக்கும். 137 என்று ஆரம்பித்தால் சி.டி.எஸ். கம்பெனி தயாரிப்பு, ஃபெண்டரும் கிப்சனும் வாங்குகிற இடம். பழைய கன்ட்ரோல்களில் அதற்குப் பின்னால் வருடமும் வாரமும் வரும். உதாரணமாக 1377633 என்றால் 1976-ம் வருடம், 33-வது வாரம். கன்ட்ரோல் செய்த தேதிக்கு முன்னால் கிட்டார் பிறந்திருக்க முடியாது. ஆனால் நடுவில் யாராவது ரிப்பேருக்காக மாற்றியிருக்கலாம், சால்டர் வைத்த இடம் கருகி, குண்டு குண்டாக இருந்தால் அப்படி நினைக்கலாம்.

பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். அமெரிக்கன் ஸ்டாண்டர்டில் ஆறு உருளைகளே காந்தம். அடியில் பட்டையாக ஒரு காந்தத்தை ஒட்டியிருந்தால் அது செராமிக் பிக்கப். இங்கே ஒரு எச்சரிக்கை: மெக்சிகன் ஸ்டாண்டர்டிலும் பல வருடங்கள் இப்படிப் பட்டைக் காந்தம் வைத்துத்தான் வந்தது, அதனால் இதை மட்டும் வைத்து டூப்ளிகேட் என்று சொல்லிவிடக் கூடாது, 'அமெரிக்கன்' என்கிற பேச்சு மட்டும்தான் உடையும். கிட்டாரைத் திறக்க மனசு வரவில்லையென்றால், கேபிளைச் சொருகி வால்யூமை முழுதாக வைத்து, கேபிளின் மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் அதன் உலோக உடம்பிலும் மல்டிமீட்டர் கம்பிகளை வைத்துப் பாருங்கள். ஸ்ட்ராட்டின் ஒற்றைச் சுருள் பிக்கப் சாதாரணமாக ஐந்தரை முதல் ஏழு கிலோ ஓம் வரை காட்டும். மூன்று பிக்கப்பையும் ஸ்விட்ச் போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒன்று செத்துப் போயிருந்தாலும் இப்போதே தெரிந்துவிடும்.

கடைசியாக நெக். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் நெக் தனியாக வந்துவிடும். அதன் அடிமரத்தில் ஃபேக்டரியில் குத்திய தேதி இருக்கும். போலியில் அந்த இடம் வெறுமையாகவோ, ஏதோ ஒரு பென்சில் கிறுக்கலோடோ இருக்கும். ஒரிஜினலிலும் சில சமயம் மை மங்கியிருக்கலாம், ஆனால் தேதி இருந்து, அது சீரியல் நம்பரின் வருடத்தோடு சில மாத வித்தியாசத்தில் ஒத்துப்போனால் எனக்கு முக்கால்வாசி நம்பிக்கை வந்துவிடும். நான் நெக்கைப் பார்க்காமல் ஃபெண்டர் விலைக்கு எதையும் நல்லது என்று சொல்வதில்லை. ஹெட்ஸ்டாக்கில் (கிட்டாரின் தலையில்) இருக்கும் பெயரை நகத்தால் மெல்லத் தடவிப் பார்ப்பதும் பழக்கம். ஸ்டிக்கர் ஓரம் தூக்கலாகத் தட்டுப்பட்டால் சந்தேகம் வரும், ஆனால் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் நல்ல டெக்கல் இப்போது தனியாகவே விற்கிறது, அதன் மேல் வார்னிஷ் அடித்தால் எதுவும் தட்டுப்படாது. அதனால்தான் பெயரைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொன்று, நம்மூர் வெயிலுக்காகச் சொல்வது. மே மாதம் வேலூரில் காற்று வறண்டுபோனால் நெக் மரம் கொஞ்சம் சுருங்கும், பிரெட்டின் உலோக முனை ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையில் குத்தும். இதைப் பார்த்து 'ஃபினிஷிங் சரியில்லை, டூப்ளிகேட்' என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நல்ல ஒரிஜினலிலும் இது நடக்கும், முனையை அரம் போட்டால் சரியாகிவிடும்.

சீனியரிடம் இதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள்: "திறந்து பார்த்துட்டு வாங்கறேன், கம்பி நானே புதுசு போட்டுத் தர்றேன்." ஒரிஜினல் என்று மனதார நம்புகிறவர் சம்மதிப்பார். "திறந்தா டோன் போயிடும்", "செட்டிங் கலைஞ்சிடும்" என்று சொன்னால் வாங்காதீர்கள். நெக்கைக் கழற்றி மாட்டினால் டோன் எங்கும் போகாது, செட்டிங் கொஞ்சம் மாறினால் திரும்பச் சரிசெய்துகொள்ளலாம்.

கேள்வி: எங்கள் சபையில் ஆராதனைக்கு வாசிக்கிற கிப்சன் லெஸ் பால் கிட்டார் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் குடும்பம் காணிக்கையாகக் கொடுத்தது. அதை விற்றுவிட்டு சவுண்ட் சிஸ்டம் வாங்கலாம் என்று கமிட்டியில் முடிவு செய்தோம். பார்க்க வந்தவர் இது சைனா டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொடுத்தவர்களிடம் கேட்கவும் சங்கடமாக இருக்கிறது. நாங்களே எப்படித் தெரிந்துகொள்வது?
– பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: ஐயா, கிப்சனில் கண்டுபிடிப்பது ஃபெண்டரைவிடச் சுலபம். ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கிப்சனில் நெக்கும் பின்னால் சாயும் தலையும் ஒரே மரத்தில் அறுத்தது, தலையின் இரண்டு ஓரத்தில் மட்டும் சின்னத் துண்டு ஒட்டியிருப்பார்கள், அந்தக் கோடு நீளவாக்கில் ஓடும். டூப்ளிகேட்டில் மரத்தை மிச்சம் பிடிக்கத் தலையைத் தனியாகச் செய்து சாய்வாக ஒட்டுவார்கள், அந்தக் கோடு நெக்கின் குறுக்கே தெரியும். கிப்சன் தலை அந்த இடத்தில் உடைவது வழக்கம் என்பதால் ஒட்டிய ரிப்பேராகவும் இருக்கலாம். உடைந்து ஒட்டியது என்றால் கோடு மரநார் போன போக்கில் கோணல்மாணலாக இருக்கும், ஃபேக்டரியில் ஒட்டியது கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும்.

கம்பிகள் தலைக்கு ஏறுகிற இடத்தில் மணி வடிவில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். கிப்சனில் அதற்கு இரண்டு ஸ்க்ரூ. மூன்று இருந்தால் போலி என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம். மூடியைத் திறந்தால் கிப்சனில் பித்தளையில் அறுகோண நட் இருக்கும், போலியில் ஆலன் கீ சொருகுகிற ஓட்டை இருக்கும்.

சீரியல் நம்பரை இப்படிப் படியுங்கள். 1977-லிருந்து சாதாரண மாடல்களில் எட்டு இலக்கம், 2005 வாக்கில் ஒன்பதானது. முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்து வருடம். நடுவில் இரண்டு, மூன்று, நான்காவது இலக்கங்கள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்று சொல்லும். 92346 என்று ஆரம்பித்தால் 1996-ன் 234-வது நாள், அதாவது ஆகஸ்ட் 21. அந்த நடு எண் 366-ஐத் தாண்டினால் அப்படி ஒரு நாளே காலண்டரில் கிடையாது. நம்பர் மரத்தில் அழுத்திப் பதிந்திருக்க வேண்டும், கீழே மேட் இன் யு.எஸ்.ஏ. என்று இருக்க வேண்டும். கஸ்டம் ஷாப், கிளாசிக் மாடல்களுக்கும் 1994-ம் வருடத்துக்கும் 2014-லிருந்து சில வருடங்களுக்கும் கணக்கு வேறு, அதனால் நம்பரை வைத்து மட்டும் முடிவு கட்டாமல் பின்பக்க மூடியையும் திறந்துவிடுங்கள். உள்ளே பெரிய கன்ட்ரோல்கள் இருந்தால் நல்ல அறிகுறி. குட்டிக் கன்ட்ரோலும், ரேடியோவில் வருகிற மாதிரி சிவப்பு, வெள்ளை, மஞ்சள் பிளாஸ்டிக் ஒயரும் இருந்தால் கெட்ட அறிகுறி.

தலையில் பெயரைச் சுரண்டி மாற்றிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எபிஃபோன் 1957-லிருந்து கிப்சனுக்குச் சொந்தமான கம்பெனி, அதன் லெஸ் பாலைக் கிப்சன் என்று மாற்றி விற்பவர்கள் உண்டு.

போலி என்றே தெரிந்தாலும் கொடுத்தவர்களைத் தப்பாக நினைக்க வேண்டாம். அவர்களும் அதைக் கிப்சன் என்று நம்பி, கிப்சன் விலை கொடுத்தே வாங்கியிருக்கலாம். கமிட்டியில் உள்ளதை உள்ளபடி பதிவு செய்துவிட்டு, நெக் நேராக இருந்தால் ஆராதனைக்கே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச், கன்ட்ரோல், கேபிள் சொருகும் ஜாக் இந்த மூன்றையும் நல்லதாக மாற்றினால் கரகரப்பு போய்விடும், சால்டரிங் தெரிந்த யாரும் செய்து தருவார்கள்.

கேள்வி: அப்பா ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வீட்டில் இருக்கிறது. அதில் 'கிவ்சன்' என்று எழுதியிருக்கிறது. நண்பன் பார்த்துவிட்டு "கிப்சன் டூப்ளிகேட்டுடா" என்று சொல்கிறான். அப்பா ஏமாந்துவிட்டாரா?
– ஆற்காடு வாசகர்

பதில்: ஏமாறவில்லை. கிவ்சன் கொல்கத்தாவில் செய்கிற இந்திய பிராண்ட். வெளிநாட்டு கிட்டார் இங்கே கையில் படாத காலத்தில் ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கும் சர்ச் குழுக்களுக்கும் கிடைத்தது இது மாதிரி கொல்கத்தா கிட்டார்கள்தான். பெயரும் தலையின் வடிவமும் கிப்சனை ஞாபகப்படுத்தும், உண்மை, ஆனால் தன் பெயரைத்தான் போட்டிருக்கிறது, கிப்சன் என்று எங்கும் எழுதவில்லை. உங்கள் அப்பா மேடையில் சம்பாதித்த கிட்டார் அது. நெக் வளைந்திருக்கிறதா பார்த்து, கம்பி மாற்றி, கன்ட்ரோலில் கான்டாக்ட் கிளீனர் அடித்து வாசியுங்கள். யாராவது 'விண்டேஜ் கிப்சன்' என்று சொல்லி இதையே உங்களுக்கு விற்க வந்தால்தான் அது மோசடி.

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த மகன் எலெக்ட்ரிக் கிட்டார் கேட்கிறான். 15,000 ரூபாய்க்குள் செகண்ட் ஹேண்டில் எது வாங்கினால் போலி பயம் இல்லாமல் இருக்கும்?
– இல்லத்தரசி, சத்துவாச்சாரி

பதில்: அம்மா, போலி செய்கிறவர்கள் பெரிய பெயரைத்தான் தேடுவார்கள். யமஹா பசிஃபிகா, ஸ்குவையர், கோர்ட், ஐபனெஸ் ஜியோ இவற்றில் ஒன்றைப் பாருங்கள், இந்த விலையில் டூப்ளிகேட் செய்து பெரிதாக லாபம் கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. கிட்டாரைத் துப்பாக்கி குறி பார்ப்பது போலப் பிடித்து, நெக் நேராக இருக்கிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆம்ப்பில் சொருகி ஒவ்வொரு பிரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் மகனைத் தட்டச் சொல்லுங்கள். சத்தம் செத்துப்போகிற இடம் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: ஆன்லைன் விளம்பரத்தில் கிப்சன் எஸ்.ஜி. 30,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. விற்பவர் வெளியூர், 5,000 அட்வான்ஸ் அனுப்பினால் பார்சல் போடுகிறேன் என்கிறார்.
– ஆம்பூர் வாசகர்

பதில்: அனுப்பாதீர்கள். அமெரிக்காவில் செய்த கிப்சன் எஸ்.ஜி. நல்ல நிலையில் அந்த விலைக்கு வராது. கேட்டுத்தான் பார்ப்போம் என்றால், தலையின் பின்பக்கம், மணி மூடியைத் திறந்த நிலை, பின்பக்க மூடியைத் திறந்த நிலை என்று மூன்று போட்டோ கேளுங்கள், உங்கள் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு கிட்டார் அவரிடம் இருக்கிறதா என்பதே அதில் தெரிந்துவிடும். ஏற்கனவே பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930-க்கு போன் போடுங்கள், அது சைபர் மோசடிக்கான உதவி எண்.

கேள்வி: ஃபெண்டர் என்று நம்பி வாங்கிய கிட்டார் போலி என்று ரிப்பேர் செய்பவர் சொல்லிவிட்டார். விற்றவர் போனை எடுப்பதில்லை. போட்ட பணத்தை எடுக்க நானும் வேறு ஒருவருக்கு அப்படியே விற்றுவிடலாமா?
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: உங்கள் வலி புரிகிறது, ஆனால் அப்படியே விற்காதீர்கள். தெரிந்தே போலிப் பெயர் போட்ட பொருளை விற்பது 1999-ம் வருட டிரேட் மார்க்ஸ் சட்டத்தின் 104-ம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், உங்களிடம் வாங்கப் போகிறவரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை, சேர்த்து வைத்த காசோடுதான் வருவார்.

உங்களை ஏமாற்றியவர் மேல் ஏமாற்று வழக்குக்குப் புகார் கொடுக்கலாம், பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318-ம் பிரிவு. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், 'ஒரிஜினல் ஃபெண்டர்' என்று அவர் எழுதிய மெசேஜ், பணம் அனுப்பிய விவரம், ரிப்பேர் செய்தவர் எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அவர் மெசேஜை அழித்துவிட்டால் பிறகு கஷ்டம். புகார் கொடுப்பதாக இருந்தால் அது முடிகிற வரை கிட்டாரில் எதையும் மாற்றாதீர்கள்.

அதற்குப் பிறகு விற்கிறீர்கள் என்றால் தலையில் இருக்கும் பெயரை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஸ்ட்ராட் வடிவ பாடியைப் பல கம்பெனிகள் செய்கின்றன, அந்த வடிவத்தைத் தனக்கே உரிமையாக்கக் கேட்ட ஃபெண்டருக்கு அமெரிக்க டிரேட்மார்க் வாரியம் 2009-ல் மறுத்துவிட்டது. ஆனால் பெயரும் ஹெட்ஸ்டாக் வடிவமும் அவர்களுடையது, அதனால் நெக்கைக் கழற்றிவிட்டு பாடி, பிக்கப், பிரிட்ஜ் என்று பாகமாக விற்பதுதான் சிக்கல் இல்லாத வழி. கிட்டார் கட்டிப் பழகுகிற பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள். 'பிராண்ட் இல்லாத பாகங்கள்' என்று ரசீதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.